தண்ணீரின் சாட்சியும் கிழவரின் கதையும்
(கடற்கரையூர் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



கடலைப்பற்றி உங்களுக்குள் கதைகள் ஏராளம். கடற்பசு மேய்ந்த இடம், ஆமை முட்டையிட்ட மணல், எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பவையெல்லாம் பாட்டன் பேரனுக்குச் சொல்லிவந்தவை. படித்தவர்கள் என்போர் இவற்றைப் பாமரர் பேச்சென்று தள்ளுகிறார்கள். நாமோ, தள்ளவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்கின்றோம்.

சோதிப்பது எப்படி? கடலிலுள்ள ஜீவன்கள் செதில், தோல், சளி, மலம் இவைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேயிருக்கின்றன. அவைகளில் அதனதன் டி.என்.ஏ. இருக்கின்றது. தண்ணீரை மொண்டு நுண்ணிய வடிகட்டியில் செலுத்தினால் அது தங்கிவிடும். பிறகு சோதனைச் சாலையில் அதைப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, தெரிந்த ஜீவன்களின் பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறார்கள். வலையும் வேண்டாம், ஒரு மீனைக் கொல்லவும் வேண்டாம்.

யுனெஸ்கோ ஸ்தாபனம் 2022, 2023-ம் ஆண்டுகளில் 21 உலகப் பாரம்பரியக் கடற்பகுதிகளில் இவ்வேலையை நடத்திற்று. தண்ணீர் மொண்டவர்கள் எல்லோரும் பெரிய பண்டிதர்களா? இல்லை. சுமார் 250 சாதாரண ஜனங்கள். அவர்களில் 6 வயதுக் குழந்தையும் உண்டு. ஏறக்குறைய 4,500 ஜீவவகைகள் தென்பட்டன. அறிவு வேலை யாருடைய பிறப்புரிமையும் அல்லவென்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

ஆனால், தோழர்களே! இந்தச் சோதனைக்கும் எல்லையுண்டு. எத்தனை மீன் என்று திட்டமாகச் சொல்லாது. நீரோட்டம் வேறிடத்து டி.என்.ஏ.யைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். பட்டியலில் இல்லாத ஜீவனுக்குப் பெயர் சொல்லாது. ஆகவே, ஒரே நாள் ஒரு குப்பித் தண்ணீரை மொண்டுவிட்டு, “இங்கு ஒன்றும் இல்லை, கரையைக் காலி செய்யுங்கள்” என்று எவராவது வந்தால் ஏமாறாதீர்கள். தென்படாதது இல்லாததற்கு அத்தாட்சி ஆகாது. எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் மொண்டாய் என்று கேளுங்கள். அதைக் கேட்கத் தெரிந்தவர் உங்கள் ஊர்க் கிழவரே.

அதேபோல், பல பருவங்களில் பல தடவை சோதித்தும் கிழவர் கதை பொய்த்தால், பாட்டன் சொன்னதென்பதற்காக அதைக் கட்டியழவும் வேண்டாம். மீன் குறைந்தது தெய்வக் கோபம் என்கின்ற கதையோ எந்தச் சோதனைக்கும் உட்படுவதில்லை. கிடாவும் போய், மீனும் வராமல் நிற்பதுதான் அதன் பலன்.

ஆகையால் கதைகளை எழுதிவையுங்கள். யார் கண்டது, எங்கே, எப்பொழுது என்று சேர்த்து எழுதுங்கள். மீன் விற்கும் பெண்களையும் கேட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் பிள்ளைகள் குப்பியோடு இறங்கட்டும். கதை இடத்தைக் காட்டட்டும். தண்ணீர் சாட்சி சொல்லட்டும். தீர்ப்பை உங்கள் புத்தி செய்யட்டும்.