படத்துக்குப் பெயர் எழுதுவோம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நாம் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

நம் பள்ளியின் பழைய புகைப்படங்களும், தோட்டத்துக் குடும்பங்கள் கொடுத்து உதவிய படங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு, ஆபீஸ் அறையில் உள்ள ஒரு பொது வன்தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதை 'நெட்வொர்க் டிரைவ்' என்கிறார்கள். "அது என்னய்யா?" என்று பாட்டிமார்கள் கேட்கலாம். ஆயாக் கொட்டகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கும். பள்ளியில் உள்ள எந்தக் கணினியிலிருந்தும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எது யார் வீட்டுப் பிள்ளை என்று ஆயாவுக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. திறந்து பார்த்தால் 'ஸ்கேன் 0047', 'ஸ்கேன் 0048' என்றுதான் இருக்கிறது. முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

பெயர் யாரிடம் இருக்கிறது? இந்த மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் அவசரம் என்கிறேன்.

நம் வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பிறகு 1980-களிலும் 1990-களிலும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயம் போயிற்று, பிரட்டுக் களம் போயிற்று. அரசாங்கத் தஸ்தாவேஜுகளைக் காக்க 1957-லேயே தேசிய ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. நம் லயத்துப் படங்களை யார் காப்பது? நாம்தான். படமே இல்லாதவர்களுக்கு நாம் இனி ஒன்றும் செய்ய முடியாது. படம் இருந்தும் பெயர் இல்லாமல் போனால் அது நம் குற்றம்.

சரி, எப்படிச் செய்வது? மாணவர்களே, கவனமாகக் கேளுங்கள்.

முதலில் கோப்புக்குப் பெயர். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். '1978-10-14 பரிசளிப்பு 001' என்பது போல. கணினி இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்கும். நாளை முதலில் எழுதினால் 1965-உம் 1995-உம் கலந்து கிடக்கும். ஆண்டை முதலில் எழுதினால் தானாகவே காலவரிசையில் வந்து நிற்கும்.

இரண்டாவது, கணினி காட்டும் தேதியை நம்பாதீர்கள். ஸ்கேன் செய்த நாளைத்தான் அது காட்டும். பாட்டியின் கல்யாணப் படம் போன மாதம் எடுத்ததாகச் சொல்லும்! உண்மையான ஆண்டை நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு படத்துக்கும் ஆறு கேள்வி: யார், எங்கே, எப்போது, என்ன நிகழ்ச்சி, படம் யாருடையது, இந்த விவரத்தைச் சொன்னவர் யார். கூட்டப் படமானால் முன்வரிசை, பின்வரிசை என்று பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். தோட்டத்துக்கு ரெஜிஸ்டரில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். "இது தண்டல் மகன்" என்று ஒரு பாட்டியும், "இல்லடி, கிராணி மகன்" என்று இன்னொரு பாட்டியும் சொன்னால் சண்டை வேண்டாம். இரண்டையும் எழுதி, யார் எதைச் சொன்னார் என்று குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சந்தேகத்தோடு எழுதியதைப் பிறகு திருத்தலாம். ஊகத்தை உறுதியாக எழுதிவிட்டால் திருத்த ஆள் கிடைக்காது.

நான்காவது, எழுதியதை எங்கே வைப்பது? படங்களை அட்டவணைப்படுத்தும் மென்பொருள்கள் பல உண்டு. டிஜிகாம் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் விவரம் மென்பொருளின் அட்டவணையில் மட்டும் இருந்தால், மென்பொருள் போகும்போது விவரமும் போகும். ஆகவே படக் கோப்புக்குள்ளேயே விளக்கத்தைப் பதியும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்போது படம் எங்கே போனாலும் பெயர் கூடவே போகும். தமிழை யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். வருடம் ஒரு முறை பட்டியலைக் காகிதத்திலும் அச்சிட்டு நூலகத்தில் வையுங்கள்.

ஐந்தாவது, பொதுப் பெட்டி என்பதால் ஒழுங்கு வேண்டும். பார்க்கும் உரிமை எல்லாருக்கும், மாற்றும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். அட்டவணை தயாரான பிறகு மென்பொருளுக்கு வெளியே அடுக்குகளின் பெயரையோ இடத்தையோ மாற்றக்கூடாது. மாற்றினால் அட்டவணை ஓரிடத்தில் தேடும், படம் வேறிடத்தில் கிடக்கும்.

ஆறாவது, பொதுப் பெட்டியில் இருக்கிறதென்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழிந்துவிடும். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்க வேண்டும். இட நெருக்கடி என்று சாக்குச் சொல்ல முடியாது. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் சுமார் 26 மெகாபைட். ஆயிரம் படம் சேர்ந்தாலும் 26 கிகாபைட்தான். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் பேனாத் தட்டு போதும்.

தாய்மார்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெட்டியில், சாமி மேடையில், அரிசி டின்னுக்குப் பின்னால் படம் இருந்தால் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பித் தருவோம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். அந்தத் தழும்பு முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சில் போதும். கைத்தொலைபேசியில் வாட்சாப் வழியாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அசலையே கொடுங்கள். "இதெல்லாம் யாருக்கு வேணும், பால் வெட்டின படந்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பால் வெட்டிய கைதான் இந்தப் பள்ளியைக் கட்டியது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும்போது உங்களையும் படம் எடுப்பார்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் ஆளுக்குப் பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். "பாட்டி, இது யாரு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதை நீளும். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஆசிரியர்கள் அதைச் சரிபார்த்துப் பெட்டியில் ஏற்றுவார்கள்.