எழுவர் விண்ணப்பம்



விண்ணப்பம் எழுதுதல் நம் சங்கத்தாருக்குப் பழகிய காரியம். அதனைப் படியாது ஒதுக்குவோர் உண்டு; எழுதியதற்காக நம்மைச் சிறையிலிடுவார் இலர். இங்கிலாந்து தேசத்தில் இவ்வுரிமை சட்டமேறிய வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1688-ஆம் ஆண்டில் அத்தேசத்தை ஆண்டவன் இரண்டாம் ஜேம்ஸ். அவன் கத்தோலிக்கன், குடிகளிற் பெரும்பாலார் புரொடெஸ்டண்டார். கத்தோலிக்கரும், ஆங்கிலத் திருச்சபையினின்று பிரிந்தோரும் உத்தியோகம் பெறாவண்ணம் சட்டங்கள் தடுத்தன. அரசன் பார்லிமெண்டின் சம்மதமின்றி, தன் ஆணையொன்றாலேயே அவற்றை நிறுத்திவைத்தான். அவ்வாணையைத் தேவாலயந்தோறும் குருமார் படித்தல் வேண்டுமென்றும் கட்டளையிட்டான்.

மனச்சாட்சிக்கு இட்ட தளையை நீக்குதல் நன்றே. அதனைப் பழிப்பார் யார்? ஆயினும் இன்று தீய சட்டத்தைத் தன் விருப்பால் நிறுத்துகின்றவன் நாளை நல்ல சட்டத்தையும் நிறுத்துவானன்றோ? கான்டர்பரித் தலைமைப் பிஷப் சான்கிராப்டும் வேறு பிஷப்புகள் அறுவரும், பார்லிமெண்டு ஒப்பாத இவ்வதிகாரத்திற்குத் தாம் உடந்தையாதல் இயலாதென விண்ணப்பித்தனர். அரசன் சினந்து, அவ்விண்ணப்பத்தை அரசைப் பழிக்கும் அவதூறென்று வழக்கிட்டான். எழுவரும் லண்டன் கோபுரத்துச் சிறை புகுந்தனர்.

ஜூன் 29-இல் வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்தில் விசாரணை. ஜூரிகள் அன்றிரவு முழுதும் அறையில் அடைபட்டு வாதாடினர். அவருள் ஒருவர் அரண்மனைக்குப் பீர் வடித்துக் கொடுப்பவர். பிழைப்பு ஒருபால், ஊரார் ஒருபால்! பாவம், நெடுநேரம் இணங்காதிருந்தவர் அவரே என்பர். மறுநாட் காலையில், 'குற்றவாளிகளல்லர்' என்னும் தீர்ப்பு வெளிவந்தது. ஹௌன்ஸ்லோவிற் பாளையமிறங்கியிருந்த அரசனுடைய படைவீரரே ஆரவாரித்தனர்! அன்றே பிரமுகர் எழுவர், அரசனுக்கு மருமகனாகிய ஆரஞ்சு வில்லியத்திற்கு அழைப்போலை விடுத்தனர். ஆண்டு முடியுமுன் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினான்.

1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், பார்லிமெண்டின் இசைவின்றி அரசன் சட்டத்தை நிறுத்தலாகாதெனவும், மன்னனுக்கு விண்ணப்பித்தல் குடிகளின் உரிமையெனவும், அதுபற்றி வழக்கிடல் சட்டவிரோதமெனவும் விதித்தது. அச்சட்டமே கத்தோலிக்கர் அரியணை ஏறலாகாதென்றும் விலக்கிற்று. அவ்விலக்கு இன்றளவும் நீங்கவில்லை. கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமர 1829 வரை காத்திருந்தனர். தமக்கு உரிமை வேண்டுங்கால் நீண்ட கை, பிறர்க்கு அளக்குங்கால் சுருங்கிற்று.

பிஷப்புகள் எழுவருள் ஐவர், தாம் எதிர்த்து நின்ற ஜேம்ஸுக்கு முன்பு செய்த பிரமாணம் தம்மை இன்னும் கட்டுமென்று கருதி, வில்லியத்திற்குப் பிரமாணம் செய்ய மறுத்தனர். சான்கிராப்டு 1690-இல் பதவியிழந்தார். பின்னர்த் தாம் பிறந்த பிரெஸ்ஸிங்பீல்டு என்னும் சிற்றூருக்கே சென்று வாழ்ந்தார்.