கைத்திறனும் சான்றிதழும்



“படிப்பு ஏறவில்லை, ஏதாவது கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும்” என்று சொல்லும் பெற்றோரைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். இந்தப் பேச்சில் இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. கைத்தொழில் என்பது படிப்பு ஏறாதவனுக்கு உரியது என்பது ஒன்று. யாரிடமாவது எடுபிடியாக இருந்தால் அது தானாக வந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுப்பவை.

பால்மரம் வெட்டிய நம் குடும்பத்துப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் வெட்டுக்கோடு ஓடவேண்டும். பட்டையைச் சீவும்போது, உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வளர்படலத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் விட்டு உளியை நிறுத்தவேண்டும். மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு பிசகாமல் வெட்டினார்கள். இதை எடுபிடி வேலை என்று எவராவது சொல்லக்கூடுமா?

ஆயினும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்காகத் துண்டாடப்பட்டபோதும், அந்தக் கைகளின் திறமைக்குச் சாட்சி சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பட்டணத்திற்குப் பிழைக்க வந்தவர்கள் புதிதாய் வேலைக்கு வந்தவர்களைப் போலவே அடிமட்டச் சம்பளத்தில் தொடங்கவேண்டியதாயிற்று.

இன்றும் இந்நிலை வேறு தொழில்களில் தொடர்கிறது. எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிறார். அவர் கைபட்ட வேலையில் பழுது வராது. ஆனால் வேலை முடிந்தபின் சான்றுரை எழுதிக் கையொப்பம் இடும் உரிமை அவருக்கில்லை. 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின்படி, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்தாம் அதைச் செய்யலாம். வேறொருவர் வந்து கையெழுத்திட்டுப் பெரும்பங்கைப் பெற்றுச் செல்கிறார். நம்மவரோ நாள்கூலியோடு வீடு திரும்புகிறார்.

அப்படியானால் மாணவப் பருவத்தில் என்ன செய்வது? பெரிய பட்டறை வேண்டியதில்லை. ஒரு மூன்றுமுனை பிளக்கு போதும். எதிலும் செருகாத, தனியாக இருக்கும் பழைய பிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆசிரியரோ பெரியவரோ பக்கத்தில் இருக்கும்போது திறந்து பாருங்கள். பழுப்புக் கம்பி மின்சாரம் வரும் கம்பி. அது வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் முனைக்குப் போகவேண்டும். நீலம் இடப்பக்கம். பச்சையும் மஞ்சளுமான நிலக்கம்பி மேலே. நிலக்கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுவது வழக்கம். ஏன் தெரியுமா? யாரேனும் வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டால், உயிர்காக்கும் அந்தக் கம்பி கடைசியில்தான் கழல வேண்டும். திருகாணி தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடேறிப் பிளக்கு உருகும். வடத்தின் மேலுறையைப் பற்றும் பிடிப்பை இறுக்காமல் விட்டால், இழுப்பு முழுவதும் கம்பிமேல் விழும்.

அடுத்து, எந்த ஃபியூஸ் போடுவது? இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 4.3 ஆம்பியர், ஆகவே 5 ஆம்பியர் ஃபியூஸ். 2,200 வாட் கெண்டிக்கு 9.6 ஆம்பியர், அதற்கு 13 தேவை. எல்லாவற்றுக்கும் 13 போட்டால் என்ன என்று கேட்கும் மாணவன் உண்டு. நல்ல கேள்விதான். மெல்லிய வடம் கருகத் தொடங்கினாலும் அந்தப் பெரிய ஃபியூஸ் அறுந்து காப்பாற்றாது என்பதே விடை. வகுத்தல் கணக்கைக் கண்டு கொட்டாவி விட்ட பிள்ளை, பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதே கணக்கைத் தானாகப் போடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். (பெண்பிள்ளைகள் இதில் பின்தங்குவதில்லை, திருகாணியை அவர்களே பொறுமையாக முடுக்குகிறார்கள்.) தையலும் அப்படித்தான். அளவுநாடா பிடிக்கவும், துணி, நூல், பொத்தான், நேரம் இவற்றின் விலையைக் கூட்டவும் தெரிந்த பெண் இரவிக்கைக்குக் கூலி கேட்கும்போது தயங்கமாட்டாள்.

இத்துடன் இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒன்று, செய்த வேலையை எழுதிவைப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, என்ன பழுது, எந்தக் கருவி, எவ்வளவு நேரம், என்ன செலவு. மற்றொன்று, கருவிகளின் பெயரை இரு மொழிகளிலும் அறிவது. வீட்டில் திருப்புளி என்பதைப் பயிற்சி நிலையத்தில் பெமுத்தார் ஸ்குரூ என்பார்கள். அளவுநாடா அங்கே பித்தா உக்கூர். கையில் திறமை இருந்தும், மலாயில் வரும் வினா புரியாமல் தேர்வில் திரும்பி வரும் இளைஞரைப் பார்க்கையில் எங்களுக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. தமிழில் தொழிலைப் புரிந்துகொண்டு, மலாயில் அதைச் சொல்லவும் எழுதவும் பழகுவது நம் பிள்ளைகளுக்கு முடியாத காரியமன்று.

இனி, சான்றிதழுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. முதல் மூன்று நிலைகளுக்குச் சான்றிதழ். நான்காம் நிலைக்குத் திறன் டிப்ளோமா. ஐந்தாம் நிலைக்கு உயர்நிலை டிப்ளோமா. ஆகவே, கைத்தொழில் வழியாகவும் படிப்படியாக மேலே ஏறலாம். அது முட்டுச்சந்து அன்று. 2012-ஆம் ஆண்டு முதல் பழைய தொழிற்பள்ளிகள் தொழிற்கல்விக் கல்லூரிகளாக மாற்றப்பட்டன. படிவம் மூன்று முடித்தவர்கள் அங்குச் சேரலாம். எஸ்.பி.எம். எழுதிய பின்னர் என்றால், மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையும் உண்டு. அதில் பயிற்சியின் பெரும்பகுதி தொழிற்சாலையிலோ பட்டறையிலோ நடைபெறும். எஞ்சியது பயிற்சி நிலையத்தில். குடும்ப வருமானத்திற்கு உதவவேண்டிய பிள்ளைக்கு இது பொருத்தமாக இருக்கும். விண்ணப்ப நாள் கடந்தபின் ஓடிவந்து பயனில்லை. படிவம் மூன்றில் இருக்கும்போதே பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பெற்றோர் நேரில் சென்று பார்க்கவேண்டும்.

பட்டறையில் சேர்க்கும் தகப்பனார்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்று. முதலாளியிடம் சம்பளத்தை மட்டும் பேசாதீர்கள். “என் மகனை எந்த வேலையில் பழக்குவீர்கள்? எப்போது சான்றிதழ் தேர்வுக்கு அனுப்புவீர்கள்?” என்றும் கேளுங்கள். தேநீர் வாங்கிவரவும் தரையைக் கூட்டவும் மட்டுமே ஈராண்டு ஓடிவிட்டால், அந்தப் பட்டறையைவிட்டு விலகுவதே மேல்.

வயது போய்விட்டதே என்று எண்ணும் பெரியவர்களுக்கும் வழி உண்டு. பல ஆண்டு அனுபவத்தையே ஆதாரமாக வைத்து, வகுப்புக்குப் போகாமல் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் முறை ஒன்று இருக்கிறது; முன்தேர்ச்சிக்கு அளிக்கும் அங்கீகாரம் என்பது அதன் பெயர். செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம் முதலிய ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டவேண்டும். மதிப்பீட்டாளர் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பதினைந்து ஆண்டு மின்கம்பி இழுத்த நம் நண்பர் இப்போது அந்தத் தொகுப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். எரிசக்தி ஆணையத்தின் தேர்வு அதற்குப் பிறகு தனியே எழுதவேண்டியது. தந்தை தமிழில் சொல்லச் சொல்ல, படிவம் மூன்றில் படிக்கும் அவருடைய மகள் மலாயில் எழுதி வருகிறாள்.