தோளும் வழியும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



தமிழ் இலக்கிய வரலாற்றில் இரட்டையர் என்ற இரு புலவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இளஞ்சூரியர், முதுசூரியர் என்பன அவர்களுடைய பெயர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது; மற்றவருக்குக் கால் நடவாது. கண் தெரியாதவரின் தோளில் கால் நடவாதவர் இருந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. ஒரு வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் பாட, பிற்பகுதியை மற்றவர் பாடி முடிப்பாராம். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் இயற்றியவை.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய குறையைச் சொல்லி வியந்து, அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதில் வேறொரு செய்தி தெரிகிறது. இருவரும் ஒருவரில் ஒருவர் தங்கியிருந்தார்கள். ஆனால், எந்த ஊருக்குப் போவது, எந்தத் தலத்தைப் பாடுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். தொழில் இருந்தது, அத்தொழிலால் ஒரு பெயரும் இருந்தது. பிறர் தோளில் இருந்துகொண்டும் ஒருவர் சொந்தக் காலில் நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்றைய கொழும்புக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிவீடுகளின் யன்னல்களை அண்ணாந்து பார்த்தால், பகல் முழுவதும் வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சில இளமுகங்கள் கண்ணில் படும். பள்ளிப் பருவத்தில் இவர்களுக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காக 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. ஆனால் பதினெட்டு வயது வந்ததும் பாடசாலை முடிகிறது, வீடு தொடங்குகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு உலகம் திறக்கும் வயதில் இவர்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "நாங்கள் கண்ணை மூடினாப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது?" இது அவர் ஒருவரின் கேள்வியல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோ ஒருவகை இயலாமையோடு வாழ்கிறார்கள். அவர்களில் முதியோரும் அடங்குவர் என்பது உண்மையே. ஆனாலும் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இப்படி ஒரு வீடாவது இருக்கும் என்று சொல்ல இத்தொகை போதும்.

அந்தத் தாயின் மகனுக்கு இருபத்து நான்கு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. சிந்தனை மெதுவாகவே ஓடும். வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் அவருக்கு வேலை கேட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். இருந்தும் பயந்தார். "தம்பிக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? மாதம் மாதம் ஏதும் கைச்செலவுக்குத் தாறன், வீட்டிலை இருக்கட்டும்" என்றார். தாய் அதை வாங்கவில்லை. "காசு வேண்டாம் ஐயா, வேலை தாருங்கோ" என்றார்.

முதலில் பஸ் பயணம். புறக்கோட்டையில் இறங்கி, 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, காலி வீதியில் இறங்கவேண்டும். 101 என்ற இலக்கத்தைக் கடதாசியில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள். அதை எண்ணாக அல்ல, படமாகவே அவர் மனதில் பதித்துக்கொண்டார். முதல் வாரம் தகப்பன் பக்கத்தில் இருந்தார். அடுத்த வாரம் பின் ஆசனத்தில் இருந்தார். மூன்றாவது வாரம் இறங்கும் தரிப்பிடத்தில் காத்து நின்றார். அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்தார். அந்த முதல் நாள் காலையில், மகன் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தொலைபேசி வரும்வரை வீட்டில் ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை.

கடையில் சீனி நிறுத்துப் பொதி செய்யும் வேலை. தராசுக்குப் பக்கத்தில் 500 என்று எழுதிய அட்டையொன்றை ஒட்டினார்கள். தராசில் தெரிவதும் அட்டையில் உள்ளதும் ஒன்றானால் பையைக் கட்டலாம். அங்கே வேலை செய்த ஒரு பெண்பிள்ளை சில நாட்கள் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தார். பிறகு, தேவைப்பட்டால் மட்டும் வந்து பார்த்தார். முதலில் வேலையில் அமர்த்தி, அந்த இடத்திலேயே பழக்கி, உதவியைப் படிப்படியாகக் குறைக்கும் இம்முறை அமெரிக்காவில் 1980களில் பரவியது. ஆனால் நமது தச்சரும் தட்டாரும் தொழில் பழக்கிய விதமும் பெரும்பாலும் இதுவே. சீதுவையில் சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அத்தகைய பயிற்சி அவசியந்தான். ஆனால் பயிற்சி முடித்து வருபவருக்கு ஒரு கடைக்கதவு திறக்காவிட்டால் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும்.

இன்றைக்கு அவருக்குக் கிடைப்பது கைச்செலவுக்காசு அல்ல, சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம் செல்கிறது. அந்தப் பத்திரத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். தாயின் கேள்விக்கு இது முழு விடையல்ல. விடையின் முதல் வரி என்று சொல்லலாம்.

இவ்வளவும் ஒரு முதலாளியின் தயவில் நடந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். தயவை மட்டும் நம்பவேண்டியதில்லை. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகைமையுள்ள வலது குறைந்தோருக்கு ஒதுக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கோ கல்விக்கோ சேர்த்துக்கொள்வதில் இயலாமையைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் செல்ல வழியிருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2009இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சட்டம் இருக்கிறது. பஸ்ஸின் படி மட்டும் இன்னும் உயரமாகவே இருக்கிறது.

சொற்களையும் நாங்கள் மாற்றிக்கொண்டுதான் வருகிறோம். அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். நல்ல மாற்றமே. ஆனால் நமது கதைகளில் இத்தகைய பாத்திரம் வந்தால், கண்ணீர் வரவழைக்கவே வருகிறது, அல்லது தெய்வப்பிறவியாகிவிடுகிறது. சம்பள நாளில் நண்பனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பவனாக, பிடிக்காத வேலையை முணுமுணுத்துச் செய்பவனாக, ஒருத்தியை விரும்புபவனாக அவன் வருவது அரிது. எழுதுகிறவர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும்.

எழுதாதவர்களும் எண்ணிப் பார்க்க விடயங்கள் உண்டு. நூல் வெளியீட்டு விழாக்களுக்கு நாங்கள் எடுக்கும் மண்டபங்களில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய மேடைகள் எத்தனை? சைகை மொழியில் உரையைச் சொல்ல ஒருவரை எப்போதாவது அழைத்தோமா? ஆடிவேல் காலத்துத் தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்க்கும் பொறுப்பையோ, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையோ இந்த இளைஞர்களிடம் கொடுத்தால் என்ன? தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவராகவே அவர்களை ஊர் கண்டிருக்கிறது. தோழர்களோடு நிற்பவராகக் காணும்போது, ஊரே அவர்களுக்குக் காவலாகிவிடும். "ஆர் பார்க்கிறது?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் விடையாகாது. கடைக்காரர், கண்டக்டர், பக்கத்து வீட்டார், கோயிலடிக் கூட்டாளி என்று பல பெயர்கள் வேண்டும்.

உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு யன்னல் இருக்கும். அடுத்த முறை அந்த வழியால் போகும்போது, அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். உங்கள் கடையிலோ கந்தோரிலோ அவர் செய்யக்கூடிய வேலை என்ன இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.