எந்த எண்ணைக் கேட்கிறோம்?

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை சார்பில் ஆற்றிய உரை)



"இந்த ஆண்டு எத்தனை தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தீர்கள்?" என்று நீங்கள் எங்களைக் கேட்பதுண்டு. கொடுத்த பணம் என்ன பலன் தந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் எந்த எண்ணைக் கேட்கிறோமோ, அதற்கேற்றபடியே வேலையும் அமைந்துவிடுகிறது. தொழுநோய் ஒழிப்பின் வரலாறே இதற்குச் சாட்சி.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டுக்குள் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று 1991இல் இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கினால் நன்மைகள் பல விளைந்தன. அரசுகள் பணம் ஒதுக்கின. மருந்து இலவசமாகக் கிடைத்தது. 2005 டிசம்பரில் இந்தியாவும் இலக்கை எட்டியது.

ஆனால் அந்தக் கணக்கில் வந்தவர்கள் சிகிச்சைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே. மருந்து முடிந்ததும் பெயர் நீக்கப்படும். கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதமாக இருந்த சிகிச்சை, 1990களின் பிற்பகுதியில் 12 மாதமாயிற்று. நோயாளிக்கு அது நல்லதே. ஆனால் புதிதாக நோய் காண்போர் ஒருவர்கூடக் குறையாமலே அந்த வகையினரின் பதிவேடு பாதியாகச் சுருங்கிவிடும் அல்லவா? இலக்கை எட்டியபின் வீடு வீடாகத் தேடும் வேலையும் தளர்ந்தது. தேடாத இடத்தில் நோயாளி கணக்கில் வருவதில்லை.

2016இல் அரசு பல மாவட்டங்களில் மீண்டும் வீடு வீடாகத் தேடியபோது, 30,000க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2022இல் உலகில் புதிதாக நோய் கண்டவர்கள் 1,74,000க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர்.

அப்படியானால் எதைத்தான் எண்ணுவது? இரண்டு எண்கள் உண்மையைச் சொல்லும். ஒன்று, முதன்முதலாக வரும்போதே கை கால்களிலோ கண்ணிலோ ஊனம் அடைந்திருப்பவர்கள் எத்தனை பேர். உணர்ச்சியற்ற தேமலாக இருந்தபோதே கண்டிருந்தால் பெரும்பாலும் அந்த விரல்கள் மடங்கியிரா. மற்றொன்று, புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர். குழந்தைக்கு நோய் வந்தால் ஊரில் அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2016 முதல் உலக அளவிலான முக்கிய அளவுகோல்களில் இவையும் இடம்பெற்றுள்ளன.

எனவே ஒரு வேண்டுகோள். எங்கள் ஊழியர்கள் கூடுதலான கிராமங்களுக்குப் போனால் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை ஏறும். அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். அறிக்கை கையில் கிடைத்ததும், "எத்தனை பேர் ஊனம் வருமுன்னே வந்தார்கள்?" என்று முதலில் கேளுங்கள். நீங்கள் அதைக் கேட்டால் எங்கள் ஊழியர்களும் அதையே தேடிப் போவார்கள்.