கூத்தர் தரிக்கும் கட்டை



வடதமிழ் நாட்டில் திரௌபதியம்மன் உற்சவங்களில் இராமுழுதும் நிகழும் கூத்தைத் தெருக்கூத்தென்பாரும் கட்டைக்கூத்தென்பாரும் உளர். பின்னைய பெயர் வேஷத்தினின்றே பிறந்தது. இராஜவேஷதாரிகள் தரிக்கும் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் என்னும் மரஅணிகளே கட்டை எனப்படுவன. கனமற்ற மரத்தைச் செதுக்கி, வர்ணந் தீட்டி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாவும் பதித்து இவற்றை இயற்றுவர். பகலில் கையிலெடுத்துப் பார்ப்போர், இஃதென்ன விளையாட்டுச் சாமானென்று நகைத்தலுங் கூடும். ஆனால், முற்காலத்தில் தீவட்டி ஒளி அக்கண்ணாடிகளிற் பட்டுச் சுழன்றபோது, கூட்டத்தின் கடைசியில் அமர்ந்திருந்த கிழவியும் வந்தவன் அரசனென்று அறிந்தாள். இருளும் தூரமுமே இவ்வணிகளின் அளவை வகுத்தன. மின்விளக்கு வந்தபின்னும் கட்டைகள் சிறுக்கவில்லை.

கட்டியக்காரனுக்கோ கட்டையில்லை, கூம்புக் குல்லாய்தான். அரசனை எள்ளும் உரிமை மாத்திரம் அவனுக்கு நிரம்ப உண்டு.

யான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. நெடுங்காலம் ஆடவரே கட்டை தரித்தனர்; திரௌபதி வேஷமும் ஆடவருடையதே. 1990-ல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தார் காஞ்சீபுரத்தருகே நடத்திய குருகுலத்தில் பெண்மக்களும் பயின்று கட்டை தரித்தாடினர். பெண்ணுக்கு இது தகுமோ என்பார் நம்முள்ளும் இருக்கின்றனர். சேலையுடுத்த ஆண்மகனைத் திரௌபதியென்று கைகூப்பிய கண்கள், கிரீடந் தரித்த பெண்ணைக் கர்ணனென்று காணக் கூசுவானேன்? கூத்தாடி என்பதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நம் நாவையும் இதனோடு சேர்த்தே கேட்கிறேன்.

தத்தம் ஊர் உற்சவத்தில் கூத்து வைக்கும் அங்கத்தினர்கள், பெண்கள் ஆடும் குழுவையும் ஒருமுறை அழைத்து, விடியுமட்டும் இருந்து காணுமாறு வேண்டிக்கொள்ளுகிறேன்.