பெயரேடும் கணினியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை ஒட்டி, பழைய மாணவிகள் அனைவரின் பெயரேட்டையும் இணையத்தில் ஏற்றத் தீர்மானித்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தென்மராட்சியே வெறிச்சோடியபோது, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் திக்குத்திக்காய்ப் பிரிந்தோம். ரொறன்ரோவிலோ கச்சாயிலோ இருந்து ஒருவர் தன் தோழியைத் தேடும்போது அந்தப் பெயர் விடுபட்டுப் போகக்கூடாது. தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் விதத்திலேதான் அது தங்கியிருக்கிறது.

முழு ஏட்டையும் ஒரேயடியாகக் கேட்டால், தளத்தை நடத்தும் கணினி எல்லாப் பெயரையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் அனுப்பத் தொடங்கும். பத்துப்பேர் ஒரே நேரத்தில் கேட்டால் பத்துப் பிரதிகள். நினைவகம் நிரம்பித் தளம் நின்றுவிடும். துலாவில் ஒவ்வொரு வாளியாகத்தானே அள்ளினோம்! இங்கும் நூறு நூறாகக் கேட்கவேண்டும்.

நூறு நூறாகக் கேட்பதிலும் இரண்டு விதம் உண்டு. “முதல் 5,000 பெயரை விட்டுவிட்டு அடுத்த 100ஐத் தா” என்பது ஒன்று. தரவுத்தளம் அந்த 5,000ஐயும் எண்ணித் தள்ளிவிட்டே வரும். பின்பக்கங்கள் போகப்போகத் தாமதமாகும். தாமதத்தைப் பொறுக்கலாம். ஆனால், நீங்கள் முதற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அதில் இருமுறை பதிந்த ஒரு பெயரை நாங்கள் நீக்கினால், 101ஆவது பெயர் 100ஆவதாக ஏறிவிடும். இரண்டாம் பக்கம் அதற்கு அடுத்த பெயரில் தொடங்கும். அந்த ஒருத்தியை நீங்கள் காணவே மாட்டீர்கள்.

மற்றது, “இந்தப் பெயருக்குப் பிறகு வரும் 100ஐத் தா” என்பது. பெயரடைவு இருந்தால் தரவுத்தளம் நேரே அந்த இடத்திற்குப் போய்விடும். நடுவில் எது நீங்கினாலும் எவரும் விடுபடார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் நம்மவர் பலர் ஈழத்து நூல்களையும் பாடசாலை மலர்களையும் வாசித்திருப்பீர்கள். அது இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் பகுப்புப் பட்டியல்களை வழமையாக 200 தலைப்புகளாகக் காட்டும். ‘அடுத்த பக்கம்’ என்ற இணைப்புக்குள் இருப்பது எண்ணிக்கை அல்ல, அடுத்துத் தொடங்கவேண்டிய தலைப்பு.

நம் ஏட்டில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. எத்தனை பரமேஸ்வரிகள் நம்மோடு படித்தார்கள்! ஒரு பக்கம் பரமேஸ்வரியில் முடிந்தால், “பரமேஸ்வரிக்குப் பிறகு” என்ற கேள்வி மிச்சப் பரமேஸ்வரிகள் அத்தனை பேரையும் தாண்டிவிடும். ஆகவே பெயரோடு ஆளுக்கொரு தனி இலக்கமும் சேர்ந்தே வரிசை அமையவேண்டும்.

தமிழ் அகரவரிசையையும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். சும்மா விட்டால் யுனிகோட் இலக்கப்படி அமுதாவை முன்னே வைத்து, அம்பிகையைப் பின்னே தள்ளும். நம் அகராதியில் மெய்யெழுத்தல்லவா முந்தி!

பட்டியலில் பெயரும் சேர்ந்த ஆண்டும் போதும். படத்தைத் தனியே கேட்டால் மட்டும் காட்டலாம். அச்சுக்கு முழு ஏடும் தேவைப்படும்போது, நூறு நூறாக எடுத்துக் கோப்பில் எழுதி, எழுதியதை நினைவகத்திலிருந்து விடுவித்துப் போகலாம்.

விடுகைப் பத்திரம் கைவசம் உள்ளவர்கள் அதிலுள்ள சேர்விலக்கத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் பெயரும் படித்த ஆண்டும் தந்தால் போதும். இலக்கத்தை நாங்கள் இட்டுக்கொள்வோம்.